மதகடிப்பட்டுக்குப் பத்தடி முன்னால்

ஜனவரி 19, திங்கள்

உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் பிள்ளையார், கடைசிப் பக்கத்தில் யூரியா மூட்டை. நடுவில் இருப்பதையெல்லாம் நான் எழுதி நிரப்ப வேண்டுமாம். சென்னையிலிருந்து என் மகள் மங்கை போனில் உத்தரவு போட்டுவிட்டாள். அப்பா என்னென்ன மறக்கிறார் என்று தேதி போட்டு எழுதி வை, டாக்டர் கேட்பார்கள் என்றாள். நான் படித்தது ஐந்தாவது வரை. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. என் எழுத்தைப் பார்த்தால் டாக்டர் முதலில் எனக்குத்தான் மருந்து கொடுப்பார்.

சரி, எழுதுகிறேன். இன்று இவர் மறந்தது: காபி குடித்ததை. இரண்டு தடவை குடித்தார். மறக்காதது: துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். லைசென்ஸ் இருக்கிறது. இவர் பெட்ரோல் பங்க் நடத்திய காலத்தில் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியது. கையடக்கமான ரிவால்வர். அதைத் தோல் உறையில் போட்டு, பெல்ட்டில் மாட்டி, சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குக் குடலிறக்கம் மாதிரித் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அது சுட்டது ஒரே ஒரு தேங்காயை. அந்தத் தேங்காயை அன்றைக்கே நான் சட்னி அரைத்தேன், ஏனென்றால் அதன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. பங்க்கை விற்று நாலு வருஷம் ஆகிறது. பங்க் போனது, துப்பாக்கி போகவில்லை.

நாளை பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மறதிக்கு என்றால் இவர் வீட்டை விட்டு நகரமாட்டார். எனக்கு முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன். துணைக்கு வருகிறார்.

ஜனவரி 20, செவ்வாய்

போனோம், வந்தோம். டாக்டரைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு செக்யூரிட்டி, மிலிட்டரியிலிருந்து வந்தவர் போல, மீசை அப்படி. கையில் ஒரு கம்பு மாதிரி மெஷின். இவர் இடுப்புப் பக்கம் கொண்டுபோனதும் அது கத்தியது. இவர் கொஞ்சமும் அசரவில்லை. லைசென்ஸ் இருக்குப்பா என்று புத்தகத்தை எடுத்து நீட்டினார், ஏதோ பத்மஸ்ரீ வாங்கினவர் மாதிரி. மீசைக்காரர் அதைப் புரட்டிப் படித்தார். படித்துவிட்டு இவரைத் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார்.

"ஐயா, இதுல தமிழ்நாட்டுக்குள்ள மட்டும்னு போட்டிருக்கு. நீங்க நிக்கிறது பாண்டிச்சேரி. வேற யாராவது பாக்கறதுக்குள்ள வண்டியத் திருப்புங்க."

இருபத்திரண்டு வருஷம். ஒருத்தராவது அந்த வரியைப் படித்தோமா. புடவை எடுக்க, கல்யாணத்துக்கு, கடற்கரையில் காற்று வாங்க என்று எத்தனை தடவை பாண்டிச்சேரி போயிருப்போம். மணக்குள விநாயகர் சன்னதியில் நான் தோப்புக்கரணம் போடும்போதெல்லாம் இவர் இடுப்பில் ஒரு குற்றம் பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறது. பிள்ளையாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது வாடகைக் கார் ஓட்டும் தட்சணா எங்கள் வழியை விளக்கினான். எங்கள் வளவனூர் தமிழ்நாடு. அடுத்து மதகடிப்பட்டு, அது பாண்டிச்சேரி. அப்புறம் கண்டமங்கலம், மறுபடி தமிழ்நாடு. அதைத் தாண்டி அரியூர், மறுபடி பாண்டிச்சேரி. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து எலி கடித்த வேட்டி மாதிரிப் பிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"யக்கா, பெரியவரு துப்பாக்கிய மதகடிப்பட்டுல எறக்கி வச்சி, கண்டமங்கலத்துல எடுத்து மாட்டிக்கினு, அரியூர்ல திரும்ப எறக்கி வச்சிட்டாருன்னா சட்டப்படி கரெக்ட்டு" என்றான்.

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை, யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாங்க என்று காலையில் சொன்னேன், மத்தியானம் சொன்னேன், சாயங்காலம் சொன்னேன். மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டு, மூன்று தடவையும் ஒரே பதில். "அது இல்லாம உன்ன வெளியூர் கூட்டிக்கினு போவ முடியாது அஞ்சல." இந்த ஒன்றில் மட்டும் மறதி இல்லை.

லைசென்ஸை வெளி மாநிலத்துக்கும் சேர்த்து மாற்ற முடியுமா என்று மங்கை விசாரித்தாள். மனு கொடுக்கணும், போலீஸ் விசாரணை, அப்புறம் டாக்டர் சர்ட்டிபிகேட், இவருக்கு உடம்பும் புத்தியும் சரியாக இருக்கிறது என்று. நான் மங்கையிடம், இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டேன்.

ஜனவரி 28, புதன்

இவர் மறந்தது: கேஸை அணைக்க. நான் மறந்தது: கோபப்படமாட்டேன் என்று நேற்றுச் செய்த சத்தியம்.

பிப்ரவரி 2, திங்கள்

அத்தை பேத்திக்குக் காதுகுத்து. எனக்கு இடது காதில் போட ஒட்டுக் கம்மல் வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் புதுசு. ஏன் ஆன்ட்டி ஒரு பக்கம் மட்டும் ஒட்டுக் கம்மல் என்று கேட்டது. ஒரு காது மட்டும் சைவம் என்றேன்.

பழைய கதை. பங்க்கில் நான் சாப்பாட்டுக் கூடையோடு போய் நின்ற நேரம், நாலு பேர் வந்தார்கள். கல்லாவை எடுத்தார்கள், என் கம்மலையும் இழுத்தார்கள். கம்மல் காதோடு போய்விட்டது. தையல் போட்ட டாக்டர் சரியாகப் போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஆறு மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது.

காதுகுத்தில் சாப்பாடு சுமார். பாயசத்தில் முந்திரியைத் தேடவேண்டியிருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று நடந்ததை டாக்டருக்குச் சொல்லலாமா வேண்டாமா தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

பால்காரர் பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். இன்று தலைக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு பழக்கத்தில் உள்ளே வந்துவிட்டார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். யார்ரா நீ என்றார். கை சட்டைக்கு அடியில் போனது. நான் குறுக்கே போய், மொட்டைக்குச் சந்தனம் பூசினால் ஜோராக இருக்கும் என்று என்னென்னமோ உளறி, பால்காரரை வெளியே தள்ளிக்கொண்டு போனேன். பால்காரருக்கு ஒன்றும் தெரியாது. பால் இன்று தண்ணீர் மாதிரி இருந்தது, அதைக் கேட்கவும் மறந்துவிட்டேன்.

அரை மணி கழித்து இவர், பால் வந்துச்சா என்றார்.

குளிக்கும்போது மட்டும் உறையைக் கழற்றி பீரோவில் வைப்பார். இன்று அவர் குளித்து முடிப்பதற்குள் வேலையை முடித்தேன். குண்டு ஆறையும் வேறு இடத்தில் வைத்தேன், அதை இங்கே எழுதமாட்டேன். துப்பாக்கி அரிசி டிரம்மில், அடியில், பிளாஸ்டிக் கவரில். நானும் மறந்துபோனால் இந்த வீட்டில் யார் ஞாபகம் வைப்பது, அதற்காக எழுதுகிறேன். உறைக்குள் பங்க் ஷட்டரின் பழைய திண்டுக்கல் பூட்டை ஒரு துணியில் சுற்றிவைத்தேன். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். கனம் ஒன்றுதான். திண்டுக்கல்காரன் நன்றாக இருக்கணும்.

இவர் மாட்டிக்கொண்டார். தட்டிப் பார்த்தார். சரியாகிவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அதற்குள் என் உயிர் மூன்று தடவை போய்வந்தது.

முதலில் வாசல். அதே மீசைக்காரர், அதே கம்பு, அதே கத்தல். அவர் முகம் மாறியது. இவர் கம்பீரமாக உறையைக் கழற்றிக் கொடுத்தார். மீசைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பட்டனை எடுத்து உள்ளே பார்த்தார். எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பட்டனைப் போட்டு இவரிடம் கொடுத்து, "எல்லாம் சரியா இருக்கு சார், போங்க" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இவர் பதில் சல்யூட் அடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சீனாவைப் பிடித்துவிட்டு வந்த மாதிரி.

அடுத்தது சீட்டு எழுதும் இடம். பேஷண்ட் பேர் என்ன என்றாள் அந்தப் பெண். இவர் அப்போது பாத்ரூமைத் தேடிப் போயிருந்தார், பின்னாலேயே தட்சணாவும். எனக்குக் கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம், இவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். கார்டு காரில் இருந்தது. திருத்தணி மலை மேல இருக்கிறாரே, அவரு பேரு என்றேன். அந்தப் பெண் முருகன் என்று எழுதிவிட்டாள். அப்புறம் நர்ஸ் வந்து முருகன், முருகன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க, நாங்கள் யாருக்கோ வந்த அழைப்பு என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது டாக்டரம்மா. சின்ன வயது, கெட்டிக்காரி. மங்கை முன்னாலேயே போனில் பேசிவிட்டாள். என் முட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இவரிடம் கேள்வி கேட்டார். ஐயா, இவங்களுக்கு எந்த மாசத்துல வலி ஆரம்பிச்சது? ஆடியில் என்றார். இப்போ என்ன மாசம்? யோசித்துவிட்டு, ஆடி என்றார். ஒரு கடிகாரம் வரைந்து கொடுங்க, இவங்க மாத்திரை நேரம் குறிக்கணும். வரைந்தார். எல்லா எண்ணும் ஒரே பக்கமாக, பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்கு இடித்துக்கொள்வதுபோல நின்றன. டாக்டரம்மா அந்தக் காகிதத்தை மடித்து என் பைலில் வைத்தார்.

மார்ச் 24-ல் ஸ்கேன். அதைப் பார்த்தால்தான் என்ன வகை, எந்த மருந்து, எவ்வளவு நாள் இப்படியே பிடித்துவைக்கலாம் என்று சொல்ல முடியுமாம். தேதியை விட்டால் மறுபடி மூன்று மாதம் ஆகுமாம், அதுவரை தள்ளக்கூடாது என்றார். ஸ்கேன் வரைக்கும் ஒரு மாத்திரை.

பிப்ரவரி 11, புதன்

மாத்திரை எனக்கு என்று இவர் நினைக்கிறார். காலையில் தண்ணீரோடு கொண்டுவந்து, வாயைத் தொற என்கிறார். முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மனுஷன் இன்றைக்குப் பார்த்துத்தான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

கடைசியில், இது வீட்டுக்காரரும் சேர்ந்து சாப்பிட்டால்தான் முட்டிக்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியா என்றார். அவர் மாத்திரையை விழுங்கினார், நான் ஒரு சீரக மிட்டாயை விழுங்கினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்று இரண்டு அடி நொண்டிக் காட்டினேன்.

"நேத்து இடது காலு" என்றார்.

வலி மாறி மாறி வரும் என்றேன். சரிதான் என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். பேப்பர் முந்தாநாளுடையது.

மார்ச் 1, ஞாயிறு

மங்கை வந்து போனாள். அப்பாவுக்கு அவள் பெயர் உடனே வரவில்லை. என் பெயர், தங்கை பெயர், செத்துப்போன நாத்தனார் பெயர் எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் மங்கை என்றார். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். நான் ஏற்கெனவே தேய்த்துவைத்த பாத்திரம்.

மார்ச் 17, செவ்வாய்

நேற்றுத் தேர்தல் தேதி சொல்லிவிட்டார்கள். இன்று ஏட்டு கலியமூர்த்தி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பங்க் காலத்திலிருந்தே பழக்கம், அவருடைய முதல் மோட்டார் சைக்கிளுக்கு இவர்தான் காசு வாங்காமல் பெட்ரோல் போட்டது. இப்போது ரிட்டையர் ஆகப் போகிறார், டாக்டர் சொல்லிச் சைக்கிள் ஓட்டுகிறார். தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும், இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்துடுங்க அண்ணே என்று சொல்லி நோட்டீசைக் கொடுத்தார். இவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடப்பதுதான்.

இப்போது என் பாட்டைப் பாருங்கள். ஒப்படைக்க இவர் நேரில் வந்து உறையைத் திறக்கணும். திறந்தால் பூட்டு. பூட்டைப் பார்த்தால் இவர் என்னை என்ன நினைப்பார். துப்பாக்கி அரிசிக்குள் இருக்கிறது என்றால் ஏட்டு என்ன நினைப்பார். தலைவர்கள் நாட்டுக்குத் தேர்தல் வைக்கிறார்கள், கண்டம் எனக்கு வருகிறது.

முதலில் ஸ்கேன் முடியட்டும். இருபத்திநாலு ஸ்கேன், இருபத்தைந்து ஸ்டேஷன். நடுவில் ஏதாவது பொய் கிடைக்கும்.

மார்ச் 23, திங்கள்

அரிசி டிரம்மைச் சுற்றித் தரையெல்லாம் அரிசி. எலி. கையை விட்டுப் பார்த்தேன், கவர் இருக்கிறது, கனமும் இருக்கிறது. எடுத்துப் பார்க்க நேரமில்லை, உலை கொதித்துவிட்டது. எலிப்பொறி வாங்கணும்.

இவர் சாயங்காலம் முழுக்க மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். என்னங்க என்று கேட்டால், பங்க் கணக்கு என்றார். பங்க்கே இல்லை, கணக்கு எதற்கு. சரி, ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

சாயங்காலம் வந்து டைரியை எடுத்தால், இந்தப் பக்கத்தில் மேலே ஆறு வரி ஏற்கெனவே இருக்கிறது. என் எழுத்து இல்லை. படித்துவிட்டேன். இப்போது இடது கையால் அதை மூடிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஸ்டேஷனைத் தாண்டும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அஞ்சல, இங்க ஏதோ..." என்றார். என்ன என்றேன். நெற்றியைத் தேய்த்தார். ஒன்றுமில்லை என்றார். ஸ்கேனுக்கு நேரமாகிறது என்று நான் தட்சணாவை விரட்டினேன்.

மதகடிப்பட்டு வருவதற்கு முன்னால் ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். தேர்தல் பறக்கும் படை. ஒரு ஆபீசர், இரண்டு போலீஸ், ஒரு வீடியோ கேமரா. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி அன்புடன் வரவேற்கிறது என்று போர்டு. காரில் பணம் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தார்கள். என் டிபன் கேரியரைக்கூடத் திறந்தார்கள். எலுமிச்சை சாதத்துக்கு அப்பளம் இல்லையா என்று கேட்காததுதான் பாக்கி. பிறகு ஆபீசர் இவர் சட்டையைப் பார்த்தார். இடுப்பில் என்ன என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன், கேமராவில் இருக்கும்.

"பூட்டுங்க சார். எங்க வீட்டுக்காரரு இடுப்புல பூட்டக் கட்டிக்கினுதான் ஊருக்கு வருவாரு. தொறந்து பாருங்க."

ஆபீசர் திறந்தார். பூட்டு இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்றால், தரையில் கிடந்த அரிசி. எலி இவ்வளவு பெரிதா என்று.

எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். தட்சணா கையைத் தூக்கிவிட்டான், யாரும் தூக்கச் சொல்லவில்லை. ஆபீசர் முகம் கறுத்துவிட்டது. பூட்டு என்று பொய் சொன்னாயா அம்மா என்றார். பிறகு இவரிடம் திரும்பினார்.

"உங்க பேர் என்ன?"

இவர் என்னைப் பார்த்தார்.

"ஐயா, உங்களத்தான். பேர் சொல்லுங்க."

இவர் தன் சட்டைப் பையைப் பார்த்தார். பேனாவைத் தொட்டார். வானத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. முப்பது வருஷம் பில்லுக்குப் பில் கையெழுத்துப் போட்ட பெயர். பங்க் வாசலில் ஆளுயரத்துக்கு எழுதிவைத்த பெயர். ஆபீசர் அதைத் திமிர் என்று நினைத்தார். பேர்கூடச் சொல்லமாட்டாரா என்று குரலை உயர்த்தினார். இவர் மறுபடி என்னைத்தான் பார்த்தார். திருவிழாவில் கையை விட்ட குழந்தை பார்க்கும், அந்தப் பார்வை. திருத்தணி, மலை, வேல் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அது நேரமில்லை.

"தணிகாசலம்" என்றேன். "அவர் பேரு தணிகாசலம் சார்."

வாயில் என்னவோ போலிருந்தது. யாருடைய பெயரையோ சொன்னதுபோல.

"தணிகாசலம்" என்று இவரும் சொன்னார், என் பின்னாலேயே.

ஆபீசருக்குக் கொஞ்சம் புரிந்திருக்கவேண்டும். குரலைக் குறைத்துக்கொண்டு, எதுக்குங்க ஐயா உங்களுக்குத் துப்பாக்கி என்று கேட்டார். அதற்கும் இவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பங்க்கில் கணக்குக் கேட்டால் சொல்வாரே, அப்படித் தெளிவாகச் சொன்னார்.

"இவ காத அறுத்துட்டாங்க சார். நாலு பேரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். கையக் கால அசைக்கல சார் நானு."

கேமராக்காரன் கேமராவைக் கீழே இறக்கினான்.

அந்த இரண்டு போலீசில் ஒருவர், தொப்பியை மேலே தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். பார்த்தால் கலியமூர்த்தி. ஆள் போதாமல் அவரையும் பறக்கும் படைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குண்டு இருக்கிறதா என்று உருளையைத் திறந்து பார்த்தார். ஆறு ஓட்டையும் காலி. சார், இவரு எங்க ஸ்டேஷன் லிமிட்டு, நாளைக்குத்தான் கடைசி நாள், ஒப்படைக்கத்தான் எடுத்துக்கினு வந்தாரு என்று ஒரு பொய் சொன்னார். ஸ்டேஷன் பின்னால் இருக்கிறது, இவர்கள் முன்னால் போகிறார்களே என்று ஆபீசர் கேட்டார். மறதிங்க சார், தாண்டி வந்துட்டாரு என்றார் கலியமூர்த்தி.

ஆபீசர் வரவேற்புப் போர்டைப் பார்த்தார், எங்கள் காரைப் பார்த்தார்.

"பத்தடி அம்மா. அந்தப் பத்தடியத் தாண்டியிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஸ்டேஷனுக்குத் திரும்பினோம், கலியமூர்த்தி முன் சீட்டில். ரசீதில் இவர் கையெழுத்துப் போடணும். பேனாவைக் கையில் கொடுத்ததும், கை தானாக ஓடியது. அதே சுழி, அதே கீழ்க்கோடு. போட்டுவிட்டு அதைத் தூக்கிப் படித்தார்.

"தணிகாசலம். நல்ல பேரு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மீசைக்காரரின் கம்பு கத்தவில்லை. இவர் இடுப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மீசைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டு, எப்போதும்போல சல்யூட் அடித்தார். பதில் சல்யூட் வந்தது. உள்ளே போனோம். முருகன் என்று கூப்பிட்டார்கள், உடனே எழுந்தோம். ஸ்கேன் ஆகிவிட்டது.

இப்போது கையை எடுக்கிறேன். மேலே எழுதியிருப்பது இதுதான், எழுத்து கோணல்மாணலாக இருப்பதால் திருப்பி எழுதுகிறேன்:

அஞ்சல, நாளைக்குப் போற வழியில ஸ்டேஷன்ல துப்பாக்கியக் குடுத்துடணும். கலியமூர்த்தி சொன்னான். டிரம்முல இருந்து எடுத்து உறையில வச்சிட்டேன். நீ எழுதி வச்சதப் படிச்சேன். பூட்டு இப்ப டிரம்முல. நான் மறந்துடுவேன், நீ ஞாபகப்படுத்து. ஸ்கேன் எனக்குத்தான், தெரியும். நொண்டறதுன்னா இடது கால நொண்டு, மாத்தாத.

மார்ச் 25, புதன்

கோபமான கோபம். மனுஷன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நாளைய பக்கத்தில் எழுதினால் நான் நாளை சாயங்காலம்தானே பார்ப்பேன். டைரியை ராத்திரிக்கு முன்னால் காலையிலேயே திறக்கிறவள் என்றா நினைத்தார். ஜனவரியிலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பாதிப் பக்கத்தில் நான் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீரக மிட்டாயைக்கூடக் கேட்கவில்லை.

எப்போதிலிருந்து படிக்கிறீங்க என்று கேட்டேன். எதை என்றார்.

துப்பாக்கி எங்கே என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். நாலு தடவையும் சொன்னேன். ஐந்தாவது தடவை வருவதற்குள் ஒரு யோசனை தோன்றியது. அவர் வழி அவருக்கு. நாளைய பக்கத்தை இன்றே எழுதி, அவர் காபி குடிக்கும் மேஜையில் விரித்து வைக்கப்போகிறேன்.

மார்ச் 26, வியாழன்

காலையில் எழுந்ததும் படிக்கவும்.

உங்கள் பெயர் தணிகாசலம். நான் இனிமேல் வாயாலும் சொல்வேன், எழுதியும் வைப்பேன். சாமி குத்தம் வந்தால் திருத்தணிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது. ரசீது பீரோவில். நேற்றுக் கலியமூர்த்தி சைக்கிளில் வந்து குண்டு ஆறையும் வாங்கிக்கொண்டு போனார், அதெல்லாம் கடுகு டப்பாவில் இருந்தது. தேர்தல் முடிந்தாலும் வாங்கப்போவதில்லை. கலியமூர்த்தியும் மங்கையும் அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கையெழுத்து நீங்கள்தான் போடணும். அது உங்களுக்கு மறக்காது.

பூட்டு உறைக்குள் இருக்கிறது. இடுப்பு காலியாக இருப்பதுபோல இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். பூட்டுக்கு எந்த மாநிலத்திலும் லைசென்ஸ் வேண்டாம்.

அன்றைக்கு அவர்கள் நாலு பேர், நீங்கள் ஒருத்தர். கை அசைந்திருந்தால் எனக்குக் காது இருந்திருக்கும், நீங்கள் இருந்திருக்கமாட்டீர்கள். நான் கணக்கில் வீக்குதான், ஆனாலும் இது எனக்குப் புரிகிற கணக்கு. இருபத்திரண்டு வருஷம் முன்னால் நீங்கள் வாயைத் திறந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

மாத்திரை டப்பா தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில். இன்றிலிருந்து அது உங்களுக்கு. எனக்கு முட்டி வலி தீர்ந்துவிட்டது.

பால்காரர் வருவார், மொட்டையில் முடி முளைத்திருக்கும், திட்டவேண்டாம்.

அடுப்பங்கரையில் கத்திக்கொண்டிருக்கிறவள் பெயர் அஞ்சலாட்சி. அதை நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.